மேசையின் நாலாவது பக்கம்

தெக்லா கோப்சாவுக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது. சட்டைத் தொழிற்சாலையில் காலர் அழுத்தும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் உருக்கமாகிவிடும். அவளுக்கு உருக்கம் பிடிக்காது.

எங்கள் ஷேல்ஃபோர்டில், நிலக்கரி வெட்ட அமெரிக்காவுக்கு வந்த குடும்பங்களில், சிலுவை அடையாளத்தை மூன்று விரலால்தான் போடுவோம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மூன்றின் நுனியும் ஒன்றாகச் சேர வேண்டும். பிதா, சுதன், பரிசுத்த ஆவி. மற்ற இரண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கும். நெற்றி, வயிறு, வலது தோள், இடது தோள். பிள்ளைகளுக்கு நடக்க வருவதற்கு முன்பே இது வந்துவிடும். இடது கையால் போடுகிற வழக்கம் கிடையாது.

கையில் கட்டைப் பிரித்த பிறகு அவள் கோயிலுக்கு வந்த முதல் ஞாயிறு. எல்லாரும் சிலுவை போட்டபோது அவள் கை கோட்டுப் பையிலேயே இருந்தது. வெளியே வந்ததும் யுஸ்தினா ஹுதாக் கேட்டே விட்டாள். யுஸ்தினா இருக்கும்போது எங்கள் ஊருக்குச் செய்தித்தாள் தேவைப்பட்டதில்லை.

"என்னடி, சாமி மேல கோவமா?"

"கோவம் எதுக்கு?" தெக்லா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். "பிதா மட்டுந்தான் மிச்சம் இருக்காரு. சுதனையும் ஆவியையும் கம்பெனிக்காரன் புடுங்கிட்டான். ஒருத்தர மட்டும் தனியா நெத்திக்குத் தூக்கிட்டுப் போனா அவருக்கே வெக்கமா இருக்காது?"

ஃபாதர் லெவ் நல்ல மனிதர். "இருக்கற விரலால போடும்மா, அவருக்குப் புரியும்" என்றார்.

"அவருக்குப் புரியும் ஃபாதர். என் கைக்குத்தான் புரிய மாட்டேங்குது. மூணும் சேர்ந்தாத்தானே அது?"

அதோடு நிறுத்திவிட்டாள். ஒரு பூசையையும் விட்டதில்லை. பாட்டில் அவள் குரல் கூரையைத் தொடும். ஆனால் எல்லாக் கையும் மேலே போகும்போது அவள் கை பைக்குள் இருக்கும்.

நான் அப்போது தையல் தொழிலாளர் சங்கத்தின் அமைப்பாளன். பெயர் பெத்ரோ. இயந்திரத்துக்குத் தடுப்புப் போடச் சொல்லி வேலைநிறுத்தம் நடத்தினோம். இரண்டு விரல் போன பிறகும் தடுப்புக்கு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது என்றால் முதலாளி எப்படிப்பட்டவன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதிலிருந்துதான் எனக்குத் தெக்லாவை நன்றாகத் தெரியும். கோயில் அடித்தளத்துச் சமையல்கூடத்தில் போராட்டக்காரர்களுக்கு அவள்தான் சூப்பு காய்ச்சினாள். பீன்ஸ் சூப்பும் கறுப்பு ரொட்டியும்.

ஒரு மதியம் உள்ளே போனேன். மேசையில் ஹெலன் யர்மோலா தன் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து சூப்பு குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"அக்கா, அவ யாருன்னு தெரியுமா?"

"தெரியும். பித்தான் தைக்கிறவ. காலைல போலீஸ் காவலோட உள்ள போனா. நீ அவளப் பாத்துக் கருங்காலின்னு கத்துன. தொண்ட கட்டியிருக்கு பாரு, உக்காரு, சூடா குடி."

"அவளுக்கு ஏன் ஊத்துற?"

"பசிக்குதாம்."

"இது போராட்டச் சூப்பு! சங்கத்துப் பீன்ஸ்!"

"பீன்ஸ் சங்கத்துது. தண்ணி என்னோடது. அவளுக்குத் தண்ணிய மட்டும் ஊத்துறேன், போதுமா?"

சொல்லிவிட்டு, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, கரண்டியைப் பானையின் அடிவரைக்கும் விட்டாள். கெட்டியாக அள்ளி ஹெலனின் சின்னப் பெண்ணின் கிண்ணத்தில் கொட்டினாள்.

பிறகு என் சட்டைக் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துப்போனாள். அங்கே ஒரு படம் ஒட்டியிருந்தது. சவப்பெட்டிக் கடைக்காரர் வருஷா வருஷம் இலவசமாகத் தரும் காலண்டரிலிருந்து வெட்டியது. ஆபிரகாம் வீட்டுக்கு வந்த மூன்று விருந்தாளிகள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். மூன்று பேருக்கும் ஒரே முகம். எங்கள் கோயில்களில் திரித்துவம் என்றால் அந்தப் படம்தான்.

"என்ன தெரியுது?"

"மூணு பேரு. சாப்புடறாங்க."

"மேசைக்கு எத்தன பக்கம்?"

"நாலு."

"மூணு பக்கத்துல ஆள் இருக்கு. நாலாவது பக்கம் எங்க இருக்கு?"

"நம்ம பக்கம்."

"காலியா இருக்கு பாத்தியா? மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் எப்படிப் பாத்துக்குறாங்க பாரு. ஒருத்தருக்கு ஒருத்தர்னா அவ்ளோ உசுரு. அப்படி இருக்கறவங்க வட்டமா உக்காந்து அடைச்சுக்கலாம்ல? அடைச்சுக்கல. நகந்து எடம் விட்டிருக்காங்க. அந்த எடத்துல யார உக்கார வைக்கணும், யார வைக்கக் கூடாதுன்னு சொல்ல நான் யாரு? நீ யாரு?"

நான் வருஷா வருஷம் திரித்துவப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவன். ஃபாதர் லெவ் ஒவ்வொரு தடவையும் அது ஒரு மறைபொருள் என்று முடிப்பார். சங்க வேலையில் யாராவது மறைபொருள் என்று சொன்னால் சம்பளத்தில் கை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதனால் எனக்கு அந்தச் சொல்லே ஆகாது. ஒரு மேசையும் உட்கார ஓர் இடமும் என்றால் எனக்குப் புரியும். நான் வாயை மூடிக்கொண்டு சூப்பு குடித்தேன்.

ஹெலன் மறுநாளே சங்கத்தில் சேர்ந்துவிட்டாள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அவள் சேரவில்லை. கடைசிவரை காலையில் உள்ளே போனாள், மதியம் வந்து சூப்பு குடித்தாள். தெக்லாவும் கடைசிவரை ஊற்றினாள். நாங்கள் ஜெயித்தோம். இயந்திரத்துக்குத் தடுப்பு வந்தது.

அவள் வீட்டுச் சமையலறையும் அப்படித்தான். மேசைக்கு மூன்று பக்கம் வீட்டு நாற்காலிகள். கதவைப் பார்த்த பக்கத்தில் ஒரு நாற்காலி எப்போதும் காலி. மின்சார மீட்டர் பார்க்க வருகிறவன் அதில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். காப்பீட்டு ஏஜெண்ட் சாப்பிட்டிருக்கிறான். சாமி இல்லை என்று நான் வாதாடிய நாட்களில் அதில் உட்கார்ந்துதான் வாதாடினேன். வாய் நிறைய முட்டைக்கோஸ் சுருட்டலோடு.

அந்த நாற்காலியில் ஆள் வந்து உட்காராத வீடு ஊரில் ஒன்றுதான். அவளுடைய கூடப்பிறந்த தங்கை மெலானியாவின் வீடு.

ஒரே தெருவில் மேல் கோடியில் தெக்லா, கீழ்க் கோடியில் மெலானியா. இருபது வருஷத்துக்கு மேலாகப் பேச்சு இல்லை. காரணம் எங்கள் ஊருக்கே தெரியும். முப்பதுகளில் எங்கள் கோயில் இரண்டாக உடைந்தது. ரோமுக்குக் கீழே இருந்தாலும் எங்கள் சபையில் சாமியார்கள் கல்யாணம் செய்துகொள்வது பழைய வழக்கம். கல்யாணமான சாமியார்கள் இனி அமெரிக்காவில் ஆகாது என்று ரோமிலிருந்து உத்தரவு வந்தது. எங்கள் சாமியாருக்குப் பெண்டாட்டியும் பிள்ளைகளும் இருந்தார்கள். பாதிப் பேர் ஆயர் சொன்னபடி என்றார்கள். பாதிப் பேர் எங்கள் சாமியார் போதும், ரோம் வேண்டாம் என்று ஆர்த்தடாக்ஸ் பக்கம் போனார்கள். கோயில் வாசலில் அடிதடி. வழக்கு நடந்தது. வழக்கு முடியும்வரை கோயில் கதவில் பூட்டு. சாவி கோயில் பொறுப்பாளன் ஹவ்ரிலோவிடம். ஹவ்ரிலோ மெலானியாவின் புருஷன். ஆயருக்கு எதிர்க் கட்சி. தெக்லாவின் புருஷன் தனிலோ ஆயர் கட்சி.

அந்தக் குளிர்காலத்தில் தெக்லாவின் கைக்குழந்தை இல்கோ கக்குவான் இருமலில் செத்துப்போனது. பெட்டியைக் கோயில் வாசல்வரை தூக்கி வந்தார்கள். ஹவ்ரிலோ படியில் நின்றான். ஆயர் கட்சிக்காரன் பிணத்துக்குக் கதவு திறக்காது என்றான். பிள்ளைக்கு என்ன கட்சி என்று தனிலோ கேட்டான். கதவு திறக்கவில்லை. மெலானியா புருஷனுக்குப் பின்னால் தலைக்குட்டையைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பனியில், குழிக்குப் பக்கத்தில், அவசரமாக மந்திரம் சொல்லிப் புதைத்தார்கள்.

அன்றைக்குக் குழிமேல் நின்று தெக்லா சொன்னாள், "கதவச் சாத்துனவன் தானா வந்து தெறக்கட்டும். அதுவரைக்கும் அவங்க எடத்துல என் கால் படாது."

அப்புறம் தீர்ப்பு வந்தது. கோயில் ஆயர் கட்சிக்கு. மற்றவர்கள் தெருவின் கீழே புதுக் கோயில் கட்டிக்கொண்டார்கள். அதனால் மேல் கோயில், கீழ் கோயில். கல்லறைத் தோட்டத்தைக் குறுக்கே வேலி போட்டு ஆளுக்குப் பாதி. இல்கோ கீழ் கோயில் பாதியில் போய்விட்டான். வேலி நடுவில் குழி வெட்டுகிறவர்களுக்காக ஒரு சின்னக் கதவு வைத்தார்கள். அதற்கும் பூட்டு. சாவி யாரிடம்? ஹவ்ரிலோவிடம். கீழ் கோயில் கல்லறைக்கு அவன்தான் காவல். சாவி வைத்திருந்தே பழகிய ஆள்.

பச்சை ஞாயிறு என்று ஒரு திருநாள் எங்களுக்கு உண்டு. ஈஸ்டர் கழித்து வரும் திரித்துவத் திருநாள். கோயில் முழுக்க லிண்டன் மரக் கிளையும் புல்லும் பரப்புவோம். ஈஸ்டரிலிருந்து அன்று வரை கோயிலில் முழங்காலிடக் கூடாது. அன்றுதான் திரும்பவும் முழங்காலிடுவோம். பூசை முடிந்து ஊர்வலமாகக் கல்லறைக்குப் போய் ஒவ்வொரு கல்லறையிலும் ஒரு பச்சைக் கிளை வைப்போம். சாமியார் தீர்த்தம் தெளிப்பார். இரண்டு கோயிலுக்கும் இதே வழக்கம்தான். ஆனால் நாட்காட்டி வேறு. நாங்கள் வைத்த கிளை காய்ந்த பிறகுதான் பெரும்பாலும் அவர்கள் வருவார்கள். அவர்கள் வந்துபோன மறுநாள் தெக்லா தனியாக மேலே ஏறி வேலியோரம் நின்று பார்ப்பாள். இல்கோவின் கல்லில் ஒரு லிண்டன் கிளை இருக்கும். ஒரு வருஷமும் தவறியதில்லை. வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். பார்த்துவிட்டு இறங்கி வந்து வேலையைப் பார்ப்பாள்.

நான் சொல்ல வந்தது அறுபதுகளில் ஒரு வருஷம் நடந்தது. எப்போதாவது இரண்டு நாட்காட்டியும் ஒத்துப்போகும். அந்த வருஷம் ஒத்துப்போனது.

திருநாளுக்கு முந்தின வியாழன். வெள்ளிக்கிழமை விற்பனைக்காகப் பெண்கள் அடித்தளத்தில் பிரோஹி செய்துகொண்டிருந்தார்கள். மாவுக்குள் உருளைக்கிழங்கு வைத்து ஓரத்தைக் கிள்ளி மூடி வேகவைக்கிற பண்டம். கிள்ளுவதற்கும் அதே மூன்று விரல்தான் வேண்டும். அதனால் விபத்துக்குப் பிறகு தெக்லா அடுப்புப் பக்கம் போய்விட்டாள். நான் உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கிவிட்டு, வெந்ததில் உடைந்தது ஏதாவது கிடைக்குமா என்று நின்றேன்.

"ஞாயித்துக்கெழம கல்லறையில ரெண்டு கூட்டமும் முட்டிக்கப் போவுது," என்றாள் யுஸ்தினா. "மழ கொட்டணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்."

"எதுக்கு மழை? ஊர்ல நல்ல சண்ட பாத்து எவ்ளோ நாளாச்சு," என்றேன்.

"உனக்கென்ன பெத்ரோ, உனக்குச் சண்டதான் சோறு." பிறகு யுஸ்தினா குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்தினால் எதிர் வீட்டுக்கு மட்டும் கேட்காது. "மெலானியாதான் பாவம். பக்கவாதம் வந்து வலது பக்கம் பூரா போச்சாம். பேச்சும் போச்சாம். சக்கர நாற்காலியில வச்சுத்தான் தள்ளிட்டு வரப்போறாங்களாம்." கிள்ளிய பிரோஹியைத் தட்டில் வைத்தாள். "ஏன் தெக்லா, இல்கோவுக்கு இந்தத் தடவ கிளை யாரு வைப்பா?"

எல்லாக் கையும் நின்றது. தெக்லா திரும்பவில்லை.

"தண்ணி கொதிக்குது. கிள்ளற வேலையப் பாரு."

கொஞ்ச நேரம் கழித்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்ட அவள் பின்வாசலுக்கு வந்தாள். நானும் பானையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு வந்தேன். கொட்டி முடித்ததும் கேட்டேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"வேணாம்னா விடவா போற?"

"நாலாவது பக்கம் தெறந்திருக்குன்ன. கருங்காலிக்குத் தெறந்துச்சு. மீட்டர்காரனுக்குத் தெறந்துச்சு. சாமியே இல்லன்னு சொன்னவனுக்கும் சோறு போட்ட. உன் தங்கச்சிக்கு மட்டும் எந்தப் பக்கம்க்கா?"

"அவ புருஷன் என் புள்ளைக்குக் கதவச் சாத்துனான்."

"சாத்துனான். நான் அவனக் கேக்கல. அவளக் கேக்குறேன்."

"அவ நின்னா, பெத்ரோ. என்னப் பாத்துக்கிட்டு நின்னா. ஆத்தா செத்தப்புறம் நான் தூக்கி வளத்தவ. 'தெறந்து விடுங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லல."

"இப்ப சொல்லணும்னாலும் அவளால முடியாதே."

கையிலிருந்த ஈரத் துணியால் என் கழுத்தில் ஓங்கி அறைந்தாள். "போடா அந்தப் பக்கம்! சங்கத்துல மேடை போட்டுப் பேசற மாதிரி என்கிட்டப் பேசாத. என் புள்ள குழி மேல நின்னு சொல்லியிருக்கேன். அவனா வந்து தெறக்கணும்."

"அவன் தெறக்கலன்னா?"

காலிப் பானையைத் தூக்கினாள். உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு ஒரு பானை பிரோஹி முழுக்க வெந்து வெடித்துக் கூழாகிவிட்டது. தெக்லா அடுப்பில் நின்று அப்படி ஆனதே இல்லை என்று யுஸ்தினா தெரு முழுக்கச் சொன்னாள். உடைந்ததையெல்லாம் நான் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை வரவில்லை. நல்ல வெயில். நாங்கள் மேல் வாசல் வழியாகக் கல்லறைக்குப் போனோம். கீழ் வாசல் வழியாக அவர்கள் ஏறி வந்தார்கள். இரண்டு கொடி, இரண்டு சாமியார். ஃபாதர் லெவ் தனி ஆள். அந்தப் பக்கத்து ஃபாதர் ஸ்டெஃபான் பின்னால் அவர் மனைவியும் பிள்ளைகளும். செத்தவர்களுக்கான பாட்டை நாங்கள் தொடங்கினோம். அவர்களும் அதையே தொடங்கினார்கள். அதே பாட்டு, அதே மெட்டு. இரண்டு பக்கமும் எதிராளியை அமுக்கப் பார்த்ததில் பாட்டு படாத பாடு பட்டது.

தெக்லா கையில் இரண்டு கிளை இருந்தது. ஒன்றைப் புருஷன் தனிலோவின் கல்லில் வைத்தாள். இன்னொன்றோடு வேலிக்குப் போய் நின்றாள். நான் பின்னாலேயே போனேன். வேடிக்கை பார்க்கத்தான், மறைப்பானேன்.

அந்தப் பக்கம் ஹவ்ரிலோ சக்கர நாற்காலியைப் புல்லில் தள்ளிக்கொண்டு வந்தான். சுரங்கத் தூசி அடைத்த நெஞ்சு அவனுக்கு. மூச்சு விடும் சத்தம் வேலிவரை கேட்டது. இல்கோவின் கல்லுக்கு முன்னால் நிறுத்தினான். முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்னக் கல், மேலே ஓர் ஆட்டுக்குட்டி. மெலானியா மடியில் லிண்டன் கிளை. வலது கை மடியில் கழற்றிப்போட்ட கையுறை மாதிரிக் கிடந்தது. இடது கையால் கிளையை எடுத்து முன்னால் சாய்ந்தாள். எட்டவில்லை. கிளை நழுவிச் சக்கரத்தடியில் விழுந்தது. ஹவ்ரிலோ குனிந்து எடுத்துத் தானே வைக்கப் போனான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். மறுபடி வைக்கப் போனான். மறுபடி தட்டிவிட்டாள், கிளை திரும்பவும் சக்கரத்தடியில் விழுந்தது. அவன் கை அந்தக் கல்லில் படக் கூடாது. பேச்சு இல்லாதவள் அதைத் தெளிவாகச் சொன்னாள்.

ஹவ்ரிலோ நிமிர்ந்தான். வேலியோரம் தெக்லாவைப் பார்த்தான்.

மெதுவாக நடந்து வேலிக் கதவுக்கு வந்தான். கோட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தான். இரண்டு பக்கத்துப் பாட்டும் தானாக நின்றது. சாவியைப் பூட்டுக்குள் விட்டுத் திருப்பினான். திரும்பவில்லை. எத்தனை வருஷத்து மழை. இரண்டு கையாலும் திருப்பினான். முகமெல்லாம் வேர்த்தது.

"திரும்ப மாட்டேங்குது, தெக்லா."

"தெரியுது."

"எண்ண கொண்டாறேன். இரு, கீழ ஓடிப்போய் எண்ண கொண்டாறேன்."

"நீயா? ஓடியா?" தெக்லா அவன் நெஞ்சைப் பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள். தாண்டி மெலானியாவைப் பார்த்தாள். கைப்பையை என்னிடம் நீட்டினாள்.

"பெத்ரோ, குனி."

"என்னது?"

"குனிடா. சங்கத்துக்காக எவன் எவன் முன்னாடியோ குனிஞ்சிருக்க, எனக்காக ஒரு தடவ குனி."

சங்கத்துக்காக நான் எவன் முன்னாடியும் குனிந்ததில்லை. அதைச் சொல்ல அவள் நேரம் கொடுக்கவில்லை. குனிந்தேன். என் முதுகில் கால் வைத்து ஏறினாள். ஐம்பது தாண்டிய பெண், பிரோஹி தின்று வளர்ந்த உடம்பு. மேற்கொண்டு எதுவும் எழுத மாட்டேன். கம்பியில் பாவாடை மாட்டிக் கிழிந்தது.

"ஐயையோ, தொட தெரியுதுடி!" என்று கத்தினாள் யுஸ்தினா.

"நல்லாப் பாத்துக்கோ!" என்று சொல்லி அந்தப் பக்கம் குதித்தாள் தெக்லா.

சக்கரத்தடியில் கிடந்த கிளையை எடுத்து மெலானியாவின் இடது கையில் கொடுத்தாள். தான் கொண்டுவந்ததைத் தன் ஒரு கையில் வைத்துக்கொண்டாள். மறு கையால் நாற்காலியை முன்னால் சாய்த்துப் பிடித்தாள். இரண்டு கிளையும் ஒன்றாகக் கல்லில் இருந்தன. ஃபாதர் ஸ்டெஃபான் எங்கள் ஃபாதர் லெவைப் பார்த்தார். ஃபாதர் லெவ் இந்தப் பக்கமிருந்து தலையாட்டினார். ஸ்டெஃபான் தீர்த்தம் தெளித்து, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே என்றார். வேலிக்கு இரண்டு பக்கமும் எல்லாக் கையும் மேலே போனது. அந்த ஒரு விஷயத்தில் இரண்டு கோயிலுக்கும் என்றைக்குமே சண்டை இல்லை.

மெலானியாவின் வலது கை மடியிலேயே கிடந்தது. அதில் ஐந்து விரலும் இருந்தன. உயிர்தான் இல்லை.

தெக்லா புல்லில் முழங்காலிட்டாள். அந்தக் கையை எடுத்தாள். மூன்று விரலின் நுனியையும் ஒன்றாகக் கூட்டினாள். பிரோஹி ஓரத்தைச் சேர்க்கிற மாதிரி, கலைந்து போகாமல் அமுக்கிப் பிடித்தாள். தங்கையின் நெற்றிக்குக் கொண்டுபோனாள். வயிறு. வலது தோள். இடது தோள். பிறகு அதே விரல்களைத் தன் நெற்றிக்குக் கொண்டுவந்தாள். இயந்திரம் விரலை எடுத்த நாளிலிருந்து சிலுவை படாத நெற்றி. நெற்றி, வயிறு, வலது தோள், இடது தோள்.

விரல் ஒருத்தியுடையது. பலம் இன்னொருத்தியுடையது. அந்த இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதற்கு ஃபாதர் லெவிடம் பெயர் இருக்கிறது. நான் கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான். யாருக்கும் பாட்டைத் திரும்பத் தொடங்கத் தோன்றவில்லை.

மெலானியாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. "க்கா," என்றாள். அதற்குமேல் வரவில்லை.

"இருக்கேன்டி," என்றாள் தெக்லா. "வா, சாப்பிடலாம். வெயில் ஏறுது."

தெக்லா வீட்டுக்கு வந்தோம். சக்கர நாற்காலியை நானும் ஹவ்ரிலோவும் படியேற்றினோம். தெக்லா அதைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, தங்கையின் கழுத்தில் ஒரு துண்டைக் கட்டினாள். நான் சுவரோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அடுப்பில் காளான் சூப்பு. கதவுப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ஹவ்ரிலோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றான்.

"உள்ள வா," என்றாள் தெக்லா.

"நான் இங்கயே நிக்கிறேன்."

"வேலிக்கிட்ட நின்னு நின்னு எல்லாருக்கும் காலு வலிக்குது. வந்து உக்காரு."

"தெக்லா, நான் ஒண்ணு சொல்லணும்." தொப்பியைச் சுழற்றினான். "அன்னிக்குக் காலையில வீட்ட விட்டுக் கெளம்பறதுக்கு முன்னாடி அவ என் கால்ல விழுந்தா. தெறந்து விடு, தெறந்து விடுன்னு. வாயத் தெறந்த, உன்னயும் வெளிய தள்ளிக் கதவச் சாத்துவேன்னேன். அப்ப அவ வயித்துல புள்ள. அதான் படியில வாயத் தெறக்கல. உனக்குத் தெரியட்டும். சாவி என் கையிலதான் இருந்துச்சு. அவகிட்ட இல்ல."

தெக்லா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். மெலானியா கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் துண்டில் விழுந்தது. தெக்லா அவள் தலைக்குட்டையைச் சரி செய்தாள். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் சரி செய்தாள்.

பிறகு எழுந்து அடுப்புக்குப் போனாள். ஹவ்ரிலோவுக்கு ஒரு கிண்ணம் எடுத்தாள். தண்ணீராக மேலாக ஊற்றினாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவள் கரண்டியைப் பானையின் அடிவரைக்கும் விட்டாள்.

"உக்காரு," என்றாள். "ஆறுது."

அவன் உட்கார்ந்தான்.

அந்த வாரமே ஹவ்ரிலோ எண்ணெயும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு மேலே போனான். பூட்டு அப்போதும் திறக்கவில்லை. கீலைக் கழற்றிக் கதவையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். கீழ் கோயில் கூட்டத்தில் பெரிய ரகளை. மேல் கோயில் கூட்டத்தில் அதைவிடப் பெரிய ரகளை. வேலி இன்றைக்கும் இருக்கிறது. நடுவில் கதவு இல்லாத ஓர் இடமும் இருக்கிறது.

தெக்லா அதற்குப் பிறகு சிலுவை போட்டது தங்கை பக்கத்தில் இருந்தபோது மட்டும்தான். தினமும் சாயங்காலம் கீழ்க் கோடிக்கு இறங்கிப்போய் மெலானியாவுக்குச் சோறு ஊட்டுவாள். ஊட்டுவதற்கு முன் அந்தக் கையை எடுத்து விரலைக் கூட்டி இருவருக்கும் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் தனியாக நிற்கும்போது கை பழையபடி பைக்குள்தான் இருக்கும். யுஸ்தினாவுக்கு அது பொறுக்கவில்லை.

"தனியா இருக்கறப்பவும் போடலாம்லடி?"

"தனியா போடறதுக்கு," என்றாள் தெக்லா, "அது என்ன மூக்குத் தொடைக்கறதா?"